இரும்புக்கும் ஒரு தடைக்காலம்

கடலூரில் சில்வர் பீச்சுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு என்று சொன்னால் வெளியூர்ச் சொந்தக்காரர்கள் எல்லாரும் "கொடுத்து வச்சவங்க" என்பார்கள். சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று காற்று வாங்குகிற அந்த ஒரு மணி நேரத்துக்கு அது சரிதான். மீதி நேரமெல்லாம் அதே காற்றுதான் ஜன்னல் கம்பியைத் தின்கிறது, கேட்டின் கீலைத் தின்கிறது, தையல் ஊசியைத் தின்கிறது, பொரித்து வைத்த அப்பளத்தை நாம் கை கழுவி வந்து உட்காருவதற்குள் நமுக்க வைக்கிறது. தேவனாம்பட்டினம் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் பளிச்சென்று ஒரு கேட் இருக்கும், அதற்கு அடுத்த வீட்டிலேயே அடிச்சட்டம் இற்றுப்போய் ஒரு பக்கமாகத் தொங்குகிற கேட்டும் இருக்கும். பார்க்கிறவர்கள் வசதி வித்தியாசம் என்று நினைப்பார்கள். எனக்குத் தெரிந்து பெரும்பாலும் அது தண்ணீர் வித்தியாசம். எதைக் கொண்டு கழுவுகிறார்கள், எப்போது கழுவுகிறார்கள் என்கிற வித்தியாசம்.

நான் ஆபீஸில் நாள் முழுக்கக் கோப்பு புரட்டுகிறவள். வீட்டுக்கு வந்து கையில் ஒரு ஸ்பேனரோ உப்புத்தாளோ பிடித்தால்தான் தலை லேசாகும். சிலருக்குக் கோலம், சிலருக்கு சீரியல், எனக்கு ரிப்பேர். ஆசைப்பட்டு ஆரம்பித்ததும் இல்லை; சின்ன வேலைக்கு ஆள் கூப்பிட்டால் வருவதில்லை, வந்துவிட்டால் அது சின்ன வேலையாக இருப்பதில்லை. ஒரு தாழ்ப்பாள் சரியில்லை என்று கூப்பிட்டால் கதவையே மாற்றச் சொல்வார்கள். அப்படித்தான் நானே திருகிப் பார்க்கத் தொடங்கினேன். லாரன்ஸ் ரோடு பக்கம் நான் வாங்குகிற ஹார்டுவேர் கடையில் ஆரம்பத்தில் "சார் வரலீங்களா மேடம்?" என்றுதான் கேட்பார்கள், நான் சொன்னதை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளச் சொல்வார்கள். வீட்டுக்காரருக்கு 80 நம்பர் உப்புத்தாளுக்கும் 220க்கும் வித்தியாசம் தெரியாது, பாவம், அவர் என்ன சொல்வார். இப்போது அந்தக் கடைக்காரர் "எத்தனாம் நம்பர்க்கா?" என்று மட்டும்தான் கேட்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊரில் இரும்பை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை நான் யூடியூபில் கற்கவில்லை, முதுநகர் துறைமுகத்தில் கற்றேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது, மீன் இனப்பெருக்கக் காலம் என்று தடை. நம் கணக்கில் சித்திரையும் வைகாசியும் அப்படியே அதில் அடங்கிவிடும். சாப்பிடுகிறவர்களுக்கு அது வஞ்சிரம் விலை ஏறுகிற காலம். படகு வைத்திருப்பவர்களுக்கு அது ரிப்பேர் காலம். வருஷம் முழுக்க ஓடின படகு நிற்பது அப்போதுதான், அதனால் பலகை மாற்றுவது, இன்ஜின் பிரிப்பது, வலை பின்னுவது, பெயின்ட் அடிப்பது எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள். எங்கள் உறவில் ஒருவருக்கு ஒரு படகில் பங்கு இருக்கிறது, அவரைப் பார்க்கப் போகிற சாக்கில் நான் அங்கே நின்று வேடிக்கை பார்ப்பேன்.

வேடிக்கை என்னவென்றால், பெயின்ட் அடிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் பக்கத்தில் பல நாள் பெயின்ட் டப்பாவே இருக்காது. கரைக்கு ஏற்றின படகின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுகிறார்கள், கழுவுகிறார்கள், வெயிலில் விடுகிறார்கள், மறுபடி கழுவுகிறார்கள். ஒரு பெரியவர், தலையில் துண்டு, கையில் கம்பி பிரஷ், போல்ட் தலைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து ஒரு பக்கெட் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்ன பெரியப்பா, போன வாரமும் கழுவிட்டுதான் இருந்தீங்க, இன்னும் முடியலையா?" என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உப்பு மேல பெயின்ட் அடிச்சா பெயின்ட் காசு கடலுக்குத்தாம்மா" என்றார். பக்கெட்டில் இருந்தது எங்கிருந்தோ வண்டியில் கொண்டுவந்த நல்ல தண்ணீர். பத்தடி தள்ளி அவ்வளவு பெரிய உப்பனாறு ஓடுகிறது, அதிலிருந்து ஒரு சொட்டு எடுக்கவில்லை.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் இருக்கிற விஞ்ஞானம் ரொம்ப எளிது. இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு உப்பு இருந்தாலும் போதும். பெயின்ட் படலம் நாம் நினைப்பதுபோல ஈரமே நுழையாத சுவர் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை உள்ளே விடும். உள்ளே உப்பு இருந்தால் அது அந்த ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். படலத்துக்கு அடியில் நீர் சேர்ந்து முதலில் சின்னச் சின்னக் கொப்புளம் வரும், அப்புறம் கொப்புளம் உடையும், உடைந்த இடத்தில் செம்பழுப்பு. நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது ஒரு பெயின்டர் கேட்டுக்கு இரண்டு கோட் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார், பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது, அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அடிச்சட்டம் முழுக்க அம்மை போட்டதுபோல் கொப்புளம். பெயின்ட் மட்டம் என்று எல்லாரும் பெயின்டைத் திட்டினார்கள். பெயின்ட் நல்ல பெயின்ட்தான். கீழே இருந்ததுதான் கடல்.

கேட்டை விடுங்கள், ஜன்னலுக்கு வாருங்கள், அங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கிழக்குப் பக்க ஜன்னல்களில் ஒன்றுக்கு சன்ஷேடு நீளம், இன்னொன்றுக்கு சன்ஷேடே கிடையாது. மழையில் நேரடியாக நனைகிற ஜன்னல்தானே சீக்கிரம் துருப்பிடிக்க வேண்டும்? நேர்மாறு. மழை படுகிற கம்பி பல வருஷமாகத் திடமாக இருக்கிறது, சன்ஷேடுக்குக் கீழே பத்திரமாக இருக்கிற கம்பிதான் விரலால் தட்டினால் பொறுக்குப் பொறுக்காக உதிர்ந்தது. காரணம், மழை கம்பியைக் கழுவிவிடுகிறது. சன்ஷேடுக்கு அடியில் காற்று கொண்டுவந்து போட்ட உப்பு அப்படியே படிந்து கிடக்கிறது, அதைக் கழுவ யாரும் வருவதில்லை. சாதாரண உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே தானாக நீர்விட்டுக் கரையத் தொடங்கிவிடும், கடற்கரை ஊரில் ராத்திரி ஈரப்பதம் அதற்கு மேலேதான் போகும். ஆக, மழையே பெய்யாத நாளில்கூட அந்தக் கம்பி ராத்திரி முழுக்க உப்புத்தண்ணீரில்தான் நிற்கிறது. சமையலறையில் உப்பு ஜாடி கசிவதைப் பார்க்கிறோமே, அதேதான் வெளியே கம்பியிலும் நடக்கிறது. வராண்டா கிரில்லின் உள்பக்கம், கேட்டின் மேல்சட்டத்துக்கு அடிப்பக்கம், மாடிப்படிக்குக் கீழே நிற்கிற சைக்கிள், ஏசி வெளிப்பெட்டியின் தாங்கி, இப்படி மழைக்கு மறைவான இடங்களைப் போய்த் தடவிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

இது தெரிந்த பிறகு நான் செய்கிற வேலை மிக அலுப்பான வேலை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் மனுஷருக்கு மட்டும்தானா, ஜன்னலுக்கும் உண்டு என்று முடிவு செய்துவிட்டேன், எண்ணெயைக் கழித்துவிட்டு. ஒரு பக்கெட் தண்ணீர், பழைய பருத்திப் புடவைத் துண்டு ஒன்று ஈரத்துக்கு, ஒன்று துடைப்பதற்கு. சன்ஷேடு இருக்கிற ஜன்னலுக்கு வாராவாரம், மழை படுகிறதற்கு நினைவு வந்தால். தேய்க்கவே வேண்டாம், சோப்பும் வேண்டாம், உப்பு தண்ணீரிலேயே போய்விடும். ஆனால் அந்தத் தண்ணீர் எது என்பதுதான் கேள்வி. எங்கள் போர் தண்ணீரை வாயில் வைத்தால் கரிக்கும், அதில் கழுவுவது உப்பை உப்பால் துடைக்கிற கதை. குழாயில் வருகிற குடிதண்ணீரை ஜன்னலுக்கு ஊற்ற மனசு வராது. அதனால் மொட்டை மாடி மழைநீர்க் குழாயில் ஒரு பழைய டிரம்மை இடையில் வைத்திருக்கிறேன். 2003இல் எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தபோது பலர் ஒப்புக்குக் குழாய் வைத்துவிட்டு மறந்துவிட்டார்கள். அந்தக் குழாய் எங்கள் வீட்டில் இப்போது ஜன்னலைக் காப்பாற்றுகிறது. டிரம்முக்குக் கொசுவலை கட்ட வேண்டும், இல்லையென்றால் ஜன்னலைக் காப்பாற்றி வீட்டுக்கு டெங்குவை அழைத்துவிடுவோம்.

பெயின்ட் அடிக்கும் காலத்தைப் பற்றி. துறைமுகத்தைப் பார்த்து நானும் சித்திரையில்தான் தொடங்குவேன், ஆனால் அப்போது உதிர்கிற பொறுக்கைச் சுரண்டுவதும் கழுவுவதும் மட்டும்தான்; இரும்பு தெரியத் தேய்ப்பது பெயின்ட் அடிக்கிற நாளில்தான். சித்திரை வெயிலில் மதியம் இரும்பு கை வைக்க முடியாமல் கொதிக்கும், அதன் மேல் பிரஷ் வைத்தால் மேல்தோல் உடனே காய்ந்து உள்ளே காயாமல் இழுப்பு இழுப்பாக நிற்கும். காலையில் சீக்கிரம் தொடங்கலாம் என்றால் முற்பகலுக்கு மேல் கடற்காற்று கிளம்பிவிடும், ஈரப் பெயின்டில் உப்பும் மணலும் வந்து ஒட்டும். தை, மாசியில் பனி, எட்டரை ஒன்பது வரை கேட் நனைந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகையைப் பற்றிப் பேசவே வேண்டாம். எனக்குச் சரிப்பட்டு வருவது ஆனி. மேல்காற்று அடிக்கிற மாதம், காற்று கடலிலிருந்து வராமல் நிலத்திலிருந்து வரும், கடற்காற்று தலைகாட்டவே சாயங்காலம் ஆகிவிடும். தூசி இருக்கும்தான், தூசியை ஊதிவிடலாம். சாயங்காலம் இடி மழை வந்துவிட்டால் மட்டும் கொஞ்சம் வயிற்றில் புளி கரையும், அதற்காகத்தான் காலையிலேயே முடித்துவிடுவது.

முறை இதுதான், புதிதாக ஒன்றும் இல்லை. முதலில் கம்பி பிரஷ், அப்புறம் 80 நம்பர் உப்புத்தாள், தளர்ந்த பெயின்ட் எல்லாம் போகும்வரை. முழுக்க மினுக்க வேண்டியதில்லை, இறுகப் பிடித்திருக்கிற பழைய பெயின்ட் இருக்கட்டும், விளிம்பை மட்டும் படிக்கட்டு தெரியாமல் தேய்த்து இறக்கிவிட வேண்டும். அடுத்து நல்ல தண்ணீரில் இரண்டு தடவை கழுவல். துடைத்து, வெயிலில் காயவிட்டு, காய்ந்த அன்றைக்கே பிரைமர், அதாவது பெயின்டுக்கு அடியில் போகிற முதல் பூச்சு. இந்த "அன்றைக்கே" முக்கியம். தேய்த்துப் பளபளவென்று இருக்கிற இரும்பை ராத்திரி அப்படியே விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும், பிறகு மறுபடி முதலிலிருந்து. அதனால் கேட் முழுவதையும் ஒரே மூச்சில் சுரண்டுவதில்லை, ஒரு நாளில் பிரைமர் வரை கொண்டுபோக முடிகிற அளவு மட்டும்தான். ரெட் ஆக்சைடு பிரைமர் எங்கும் கிடைக்கும். ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் கிடைத்தால் கொஞ்சம் விலை கூட, ஆனால் கடற்கரைக்கு அது மேல். அதன் மேல் இனாமல் மெல்லிசாக இரண்டு கோட். ஒரே கோட்டைத் தடியாக அடித்து வேலையை முடிக்கிற ஆசை யாருக்கும் வரும், வழிந்து நிற்கும், வேண்டாம்.

துரு எங்கே தொடங்கும் என்று பார்த்தால் எப்போதும் அதே இடங்கள்தான். வெல்டிங் ஒட்டு, தண்ணீர் தேங்குகிற அடிச்சட்டத்தின் உள்மூலை, கீலுக்குப் பின்பக்கம், சட்டத்தின் அடிப்பாகம். இதெல்லாம் பிரஷ் எட்டாத இடம் இல்லை, கண் எட்டாத இடம். நான் முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடி ஒன்றைத் தரையில் வைத்து, சட்டத்தின் அடிப்பக்கத்தை அதில் பார்த்தபடி பெயின்ட் அடிப்பேன். தெருவில் போகிறவர்கள் கேட் அலங்காரம் பண்ணிக்கொள்கிறதா என்று கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். அந்தக் கண்ணாடியில் தெரிகிற வெறும் இரும்புத் திட்டுகளைப் பார்த்தால்தான் தெரியும், மேலிருந்து பார்த்து "முடிஞ்சது" என்று சொல்வது எவ்வளவு அவசரம் என்று.

எவர்சில்வர் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று பலர் மாடிப்படிக் கைப்பிடிக்கு அதைப் போடுகிறார்கள். போடலாம், ஆனால் எந்த எவர்சில்வர்? கடையில் காந்தத்தை வைத்துக் காட்டி "பாருங்க, ஒட்டலை, ஒரிஜினல்" என்பார்கள். எவர்சில்வரில் 202, 304, 316 என்று கிரேடுகள் உண்டு, மூன்றிலுமே பொதுவாகக் காந்தம் ஒட்டாது, அதனால் காந்தம் எதையும் சொல்லாது. 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள், விலை குறைவு, கடற்கரையில் சீக்கிரமே பழுப்புப் புள்ளி வரும். 304இல் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும். 316இல் அதோடு இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம், உப்புக்கு அதுதான் தாங்கும். பில்லில் கிரேடு எழுதித் தரச் சொன்னால் போதும், கடைக்காரர் முகமே மீதியைச் சொல்லிவிடும். எதைப் போட்டாலும் கழுவலில் இருந்து மட்டும் விடுதலை இல்லை. 304கூடத் துடைக்காமல் விட்டால் டீக்கறை மாதிரி படியும்.

எண்ணெய் விஷயத்தில் எங்கள் வீட்டில் ஒரு நெடுநாள் வழக்கு நடக்கிறது. கீல் கிறீச்சிட்டால் அத்தை தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிடுவார். சத்தம் உடனே நின்றுவிடும், அதனால் அவர் பக்கம் நியாயம் இருப்பதுபோல் தெரியும். ஆனால் சமையல் எண்ணெய் எதுவானாலும் நாளாக ஆகப் பிசுபிசுத்துப் போகும், தூசியைப் பிடித்துக்கொள்ளும், கடைசியில் கீலுக்குள் கறுப்புப் பசை. கீலுக்குத் தையல் மிஷின் எண்ணெய், வெயில் மழை படுகிற கேட் கீலுக்கு கிரீஸ். "என் தோசைக்கல்லுக்கு மட்டும் சமையல் எண்ணெய் ஆகுமா?" என்று அத்தை மடக்கினார். நல்ல கேள்வி. தோசைக்கல்லில் நமக்கு வேண்டியதே அந்த இறுகுகிற குணம்தான். கல்லைக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் முழுக்கப் போகவிட்டு, சூட்டோடு நல்லெண்ணெயை மெல்லிசாகத் தடவித் தடவிப் பழக்கினால் அது இரும்பின் மேல் ஒரு படலமாக இறுகிவிடும், தோசையும் ஒட்டாது, துருவும் ஏறாது. கீலில் கெட்ட பேர் வாங்கின அதே குணம் கல்லில் நல்ல பேர் வாங்குகிறது. இதைச் சொன்ன பிறகு அத்தை கீலை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டார், தோசைக்கல்லைத் தொட மட்டும் என்னை விடுவதில்லை.

அவருடைய இன்னொரு ராஜ்ஜியம் சித்திரை வத்தல். மோர் மிளகாயும் கொத்தவரங்காய் வத்தலும் மொட்டை மாடியில் காயும். அதில் அவர் ஒரு விதியை விடவே மாட்டார்: மாடியிலிருந்து இறக்கின சூட்டோடு டப்பாவில் போடக்கூடாது, நிழலில் ஆறவிட வேண்டும். சூட்டோடு அடைத்தால் டப்பாவுக்குள் வியர்த்துப் பூசணம். தையல் மிஷினுக்கு பிளாஸ்டிக் உறை போடாமல் துணி உறை தைத்துப் போட்டது அந்த விதியைக் கடன் வாங்கித்தான். பிளாஸ்டிக்குக்குள் ஈரம் மாட்டிக்கொண்டால் வெளியே போக வழியில்லை, துணி மூச்சுவிடும். ஊசிகளை ஒரு சின்ன மூடி போட்ட டப்பாவில், செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறேன்.

பழைய சாமான் வாங்குகிற பைத்தியமும் எனக்கு உண்டு. புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குக் காலையிலேயே போய்விட்டால் துணிக்கடைகளுக்கு நடுவே பழைய இரும்புச் சாமான் விரித்திருப்பவர்கள் கிடைப்பார்கள். புது ஸ்பேனர் வாங்கும் காசில் அங்கே மூன்று பழையது வாங்கலாம், இரும்பும் கனமாக இருக்கும். மேலே துரு இருந்தால் கவலை இல்லை. வாய் தேய்ந்து அகன்றிருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு 8 மில்லிமீட்டர் போல்டைப் பையில் எடுத்துப் போவேன், 13 நம்பர் ஸ்பேனர் அதன் தலையில் ஆடாமல் உட்கார வேண்டும். வீட்டுக்கு வந்து புளிக்கரைசலில் ஒரு ராத்திரி ஊறவிட்டால் போதும். வெள்ளிக்கிழமை குத்துவிளக்குக்குப் போடுகிற அதே பழம்புளி, கெட்டியாகக் கரைத்தது. காலையில் கரைசல் மையாகக் கறுத்திருக்கும், பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தால் துரு சேறாக வழிந்துவிடும், அடியில் சாம்பல் நிற இரும்பும் அழிந்துபோன ஏதோ ஒரு முத்திரையும் தெரியும். அதன் பிறகு சோடா உப்புத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, கழுவி, அடுப்புச் சூட்டில் உலர்த்தி, எண்ணெய் துடைக்க வேண்டும். புளிப்பை உள்ளே விட்டுவிட்டால் இரண்டு நாளில் பழையபடி ஆகிவிடும். இதில் காசு மிச்சம் என்று நான் வீட்டில் சொல்லிக்கொள்வேன், பஸ் டிக்கெட்டையும் அங்கே சாப்பிட்ட பிரியாணியையும் கணக்கில் சேர்க்காதவரை அது உண்மை.

புரட்டாசி வந்தால் இரும்பை விட்டுவிட்டுத் தண்ணீர் வழிகளுக்குப் போய்விடுவேன். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது காற்றைவிட மழைதான் ஆட்டிவைத்தது, அங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது, அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் பெண்ணையாற்றில் வந்து கடலூரையும் நனைத்தது. அந்த அளவு மழைக்கு மொட்டை மாடி ஒரு குளம். வடிகுழாய் வாயில் வேப்பிலை நாலு சேர்ந்து அடைத்தால் போதும், தண்ணீர் நின்று சுவருக்குள் இறங்கிவிடும். எட்டிப் பார்த்துவிட்டு "குழாய் சுத்தமாத்தான் இருக்கு" என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. இரண்டு பக்கெட் தண்ணீரைச் சேர்ந்தாற்போல் ஊற்றி, கீழே ஒருவரை நிறுத்தி, எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்க்க வேண்டும். கீழே நிற்பது மகள். தண்ணீர் வருகிறது என்பதைச் சொல்லிவிட்டு, தன் மேல் எவ்வளவு பட்டது என்பதையும் சொல்வாள். அன்றைக்கே தொட்டிச் செடிகளைக் கைப்பிடிச் சுவரிலிருந்து தரைக்கு இறக்கிவிடுவோம். புயல் அறிவிப்பு வந்த பிறகு இறக்கலாம் என்றால் அப்போது மெழுகுவர்த்தி தேடவே நேரம் சரியாக இருக்கும்.

எதையெல்லாம் தொடமாட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெயின் போர்டு, ஏசி, அப்புறம் கான்கிரீட். சன்ஷேடின் அடியில் நீளவாக்கில் விரிசல் தெரிந்தால் பெயின்டரைக் கூப்பிட்டுப் பட்டி பார்க்கச் சொல்லாதீர்கள், நல்ல கொத்தனாரைக் கூப்பிடுங்கள். உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும், இடம் கிடைக்காமல் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். கடற்கரைக் காற்றுக்கு நேராக நிற்கிற கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடாக்கு வேண்டும் என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்கிற கணக்கு. பழைய வீட்டு சன்ஷேடுகளில் அரை அங்குலம் இருந்தாலே அதிர்ஷ்டம். உடைத்து, கம்பியைச் சுத்தம் செய்து, துரு தடுக்கும் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் மூட வேண்டும்; அதற்குக் கை பழக்கம் வேண்டும், கீழே நிற்கிறவர் தலையும் பத்திரமாக இருக்க வேண்டும். புது வீடு கட்டுகிறவர்கள் கான்கிரீட் போடுகிற அன்று ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, அந்த மூடாக்கு இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கிற சின்னக் கட்டையான கவர் பிளாக்கை வைத்திருக்கிறார்களா என்று மட்டும் நின்று பாருங்கள். மற்ற எல்லாவற்றையும் பிறகு மாற்றலாம்.

மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நூலில் நோட்டு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். "கேட்: பிரைமர் 1, இனாமல் 2, அடிச்சட்டத்துக்கு மட்டும் 3, ஷேடு நம்பர் டப்பா மூடியில்." "துணி துவைக்கிற கல் பக்கத்துக் குழாய்: அரை இஞ்ச், வாஷர் மாற்றியாச்சு." "வராண்டா லைட்: அப்பா நினைவு நாளுக்கு முதல் நாள் போட்டது." இவ்வளவுதான் அதில் இருக்கும். கடையில் போய் நின்று இரண்டு விரலை அகட்டி "இவ்ளோ பெரிசு" என்று சொல்கிற வேலை இதனால் மிச்சம். நான் ஊரில் இல்லாதபோது மகள் அதைப் பார்த்துத்தான் குழாயை அடைத்தாள். சில பக்கங்களில் அவள் கையெழுத்தும் இருக்கிறது, பெரும்பாலும் புகார்கள்.

வருகிற ஆனிக்கு மொட்டை மாடிக் கைப்பிடி என்று எழுதி வைத்திருக்கிறேன். சுரண்டுகிற சத்தம் தாங்க முடியவில்லை, பேசாமல் இரும்பை எடுத்துவிட்டு மரத்தில் போட்டுவிடலாமே என்றார் வீட்டுக்காரர். "கரையானுக்கு யார் பதில் சொல்றது?" என்று அத்தை கேட்டார், அதோடு அந்தப் பேச்சு நின்றது. சித்திரை பிறந்த மறுநாள் கம்பி பிரஷ் இரண்டு வாங்க வேண்டும், ஒன்று அவருக்கு.